பந்தியை வெட்டிய டிவிடி

1

டேப்பின் முதல் காட்சியில் இருப்பவர்கள்:

என் அண்ணன் பெரியசாமி. வேட்டிக்கு மேலே கோட்டு. கோட்டு இரவல்.

அண்ணி காமாட்சி. கையில் தட்டு. தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை.

என் மகன் குமார். மாப்பிள்ளை. குளிரில் பல் கிட்டுகிறது. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பது போலத் தெரியும்.

யோகேஸ்வரி. பெண். தலை குனிந்திருக்கிறாள்.

யோகாவின் அப்பா வேலு. அழுகிறார்.

யோகாவின் அம்மா செல்லம்மா. புருஷன் அழுவதைப் பார்த்து முறைக்கிறாள்.

பூசாரி. ஈர விறகோடு மல்லுக்கட்டுகிறார்.

என் மகள் நித்யா. பன்னிரண்டு வயது. ஓரமாக, காதில் பாட்டு வயரோடு.

லயத்து நாய் ஒன்று. பேர் இல்லை.

நான் இல்லை. கேமரா என் கையில் இருந்தது.

2

ஊரில் இருந்து பேசுகிறவர்கள் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். அஞ்சாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனவள் கம்ப்யூட்டரில் எப்படிப் படம் செய்தாள் என்று. கேட்டதால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் முதலில் கனடா வந்தார். 1995இல் என்னையும் குமாரையும் நித்யாவையும் கூப்பிட்டுக்கொண்டார். நித்யாவுக்கு அப்போது நாலு வயது. 2001இல் அவர் இறந்துபோனார். எனக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. விரிப்பு மடிப்பது. காலை வேலை. பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

2003இல் குமாருக்கு இலங்கையில் வட்டவளைப் பக்கம், நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்திலேயே கல்யாணம். பெண் கீழ் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் வேலுவின் மகள். குமார் அதற்கு முந்திய வருஷம் ஊருக்குப் போயிருந்தான். அப்போது பார்த்த பெண். அவன்தான் கேட்டான். நான் சரி என்றேன்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். அண்ணன்தான் எல்லாம் பார்த்தார். கோயில் முன்னால் தகரப் பந்தல். ஒரு நாள் பேச்சு வந்தது.

"ஹட்டன்ல இருந்து வீடியோக்காரர வரச்சொல்லட்டா?"

"வேணாண்ணே. நான் எடுக்கிறேன்."

"நீயா?"

"கேமரா வச்சிருக்கவங்க எங்கயும் நிக்கலாமுல்ல."

அண்ணன், "பேட்டரி இருக்கா பாத்துக்க" என்றார்.

தாலி கட்டும் நேரத்தில் புருஷன் இல்லாதவள் மணவறைக்கு முன்னால் நிற்பதில்லை. யாரும் என்னைத் தள்ளி நில் என்று சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. பெற்றவர்கள் இடத்தில் அண்ணனும் அண்ணியும் நின்றார்கள். நான் கேமராவோடு மூன்றடி தூரத்தில் நின்றேன். தாலி முடிச்சு விழுவதை அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என்னைவிடக் கிட்ட யாரும் பார்க்கவில்லை.

3

திரும்பி வந்தோம். யோகா அங்கே. குமார் இங்கே. விசாவுக்கு எழுதிப் போட்டான். விசா ஆபீசில் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். யோகாவின் பத்திரத்தில் அப்பா பேர் வேலு, அடையாள அட்டையில் வேலாயுதம். அதைத் திருத்த ஒரு வருஷம் போனது. பிறகு கல்யாணப் படம் கேட்டார்கள். வீடியோ இருந்தால் டிவிடியாக அனுப்பலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

எங்கள் வீட்டுக்குக் கிட்ட பரா தம்பியின் வீடியோக் கடை. யாழ்ப்பாணத்துக்காரர். டேப்பையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"என்னட்டத் தாங்கோ அக்கா. நல்ல பாட்டுப் போட்டு, இதயம் பறக்கிற மாதிரிச் செய்து தாறன்."

"இதயம் எதுக்கு தம்பி? ஆபீசுக்கு அனுப்பப் போறது."

"ஆபீஸ்காரர் மட்டும் கலியாணம் கட்டேல்லையே?"

"எப்போ கிடைக்கும்?"

"ரெண்டு மாசம் செல்லும். இப்ப சாமத்தியவீட்டுச் சீசன், பெரியபிள்ளையான சடங்கு கனக்க, மூச்சு விட நேரமில்லை."

நான் டேப்பைத் திரும்ப எடுத்தேன். அவர் என் கேமராவை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இது டிஜிட்டல் அக்கா. நீங்களே செய்யலாம். உங்கட கொம்பியூட்டருக்கும் இதுக்கும் இடையில ஒரு வயர் வேணும். புரோகிராம் ஒண்டும் வேணும். பெட்டி இருக்கு, கொண்டு போங்கோ. பிழை வந்தா வந்து கேளுங்கோ."

"பிழை வரும்."

"அப்ப கட்டாயம் வாங்கோ. தேத்தண்ணி வச்சுத் தாறன்."

பெட்டியைக் கொண்டு வந்தேன். உள்ளே ஒரு சிடி தட்டு, ஒரு புத்தகம். புத்தகம் இங்கிலீஷ். படம் இருந்த பக்கங்களை மட்டும் பார்த்தேன்.

4

முதலில் டேப்பில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்க வேண்டும். டேப் மூன்று. ஒரு மணி நேர டேப் உள்ளே போக ஒரு மணி நேரம் பிடிக்கும். கேமரா ஓடும். கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே எழுதும். அவசரப்படுத்தினால் நடுவில் படம் துள்ளும். பேக்டரியில் கொழுந்தை வாடப் போடுவது போல. அதற்கு உரிய நேரம் அதற்கு வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. நானும் உட்கார்ந்து பார்த்தேன்.

உள்ளே போனதும் கல்யாணம் முழுக்க ஒரு நீளப் பட்டியாகக் கீழே கிடக்கும். சின்னச் சின்னப் படமாக. அதில் எங்கே வேண்டுமானாலும் கத்தரிக்கலாம். கத்தரிக்கோல் படமே இருந்தது. வெட்டினால் அந்த இடம் மூடிக்கொள்ளும். தழும்பு தெரியாது. முதல் நாள் சம்பந்தி வேலு அழுவதை வெட்டி, சிரிப்பதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அழுதவர் உடனே சிரித்தார். திரும்ப மாற்றி வைத்தேன். சிரித்தவர் அழுதார். கொஞ்ச நேரம் இதையே செய்துகொண்டிருந்தேன்.

மூன்று பின்னேரம் வேலை செய்தேன். மூன்று நாளும் மறுநாள் வந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. வெட்டாத பட்டி பழையபடி கிடந்தது. குமாரைக் கூப்பிட்டேன்.

"மூடும்போது ஏதாவது கேக்குதாம்மா?"

"கேக்குது."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நோ."

"ஏன் நோ?"

"புரியாத கேள்விக்கு எஸ் சொல்லாதன்னு உங்கப்பா வந்த அன்னைக்கே சொன்னாரு. ஏர்போர்ட்ல."

குமார் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். "அது, செஞ்சத பத்திரமா வைக்கட்டுமான்னு கேக்குதும்மா."

பத்து வருஷமாக எல்லா ஆபீசிலும் அப்படித்தான் சொல்லி வந்தேன். மிஷினிலும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு எஸ்.

அடுத்தது மெனு. டிவிடியைப் போட்டதும் முதலில் வருகிற பக்கம். கட்டம் கட்டமாகப் படங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் அழுத்தினால் அந்த இடத்தில் இருந்து படம் ஓடும். வரிசையாக ஆறு கட்டம் வைத்துப் பார்த்தேன். எங்கேயோ பார்த்தது போல இருந்தது. லயம். ஒரே அளவு, ஒரே வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல். வாசலைத் திறந்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு வேறு சத்தம். ஒரு கட்டத்துக்குப் பின்னால் படத்தை இணைக்க மறந்துவிட்டால், அழுத்தினாலும் திறக்காது. லயத்தில் ஆள் இல்லாத காம்பரா அறை போல.

இன்னொன்றும் பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஓரத்தில் தெரிகிற எழுத்து டிவியில் போட்டால் தெரியவில்லை. பரா தம்பியிடம் ஓடினேன்.

"ரீவி ஓரத்தைத் தின்னும் அக்கா. நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம். அதுக்குத்தான் புள்ளிக் கோடு போட்டிருக்கு. கோட்டுக்கு உள்ளுக்க எழுதுங்கோ."

"ஏன் தின்னுது?"

"அது என்னைக் கேட்டா?" என்றார். தேத்தண்ணி வைத்துத் தந்தார்.

ஏன் தின்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் ஓரத்தில் நிற்பவர்களை நான் அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில்தான் பார்ப்பேன்.

கடைசியில் டிவிடி தட்டில் எழுதுவது. நடுவில் கம்ப்யூட்டரைத் தொட்டால் தட்டு கெட்டுப்போகும். கெட்ட தட்டுகளை நூலில் கட்டி பால்கனியில் தொங்கவிட்டேன். புறா வருவது நின்றது. நித்யா பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து பார்த்தாள்.

"அம்மா, அது என்ன டெக்கரேஷனா?"

"கெட்டுப்போன கல்யாணம்."

"எத்தன தடவ கெட்டுது?"

"பாரேன். தொங்குது."

அவள் எண்ணாமல் அறைக்குள் போய்விட்டாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும். பேச வேண்டியிருந்தால் சின்ன வாக்கியம். படத்தைப் பார்க்க உட்கார் என்றால், "நான்தான் அங்க இருந்தேனே" என்பாள்.

5

முதல் டிவிடி நன்றாக வந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று மணி நேரத்தை ஐம்பது நிமிஷமாக்கினேன். கொழுந்து எடுக்கிற கை. முற்றலை விட்டுத் தளிரை மட்டும் எடுத்தேன். மூட்டம் வந்து கேமரா வெள்ளையாகிப்போன இடங்களை வெட்டினேன். பூசாரி இருமுவதை வெட்டினேன். சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டு நாதஸ்வரம் போட்டேன். ஏனென்றால் கேமராவுக்கு மிகக் கிட்ட இருந்தது என் குரல். "யோகா, தலைய நிமுத்து புள்ள", "அண்ணே, நகருங்க, மறைக்குது" என்று மூன்று மணி நேரமும் கத்தியிருக்கிறேன். மலையில் ஆள் கூப்பிடுகிற குரல். கேட்கச் சகிக்கவில்லை.

பிறகு பந்தி. ஐந்து பந்தி நடந்தது. ஐந்தையும் நான் எடுத்திருந்தேன். வரிசை வரிசையாக, முதல் இலையில் இருந்து கடைசி இலை வரைக்கும். அதை முழுக்க வெட்டினேன். சாப்பிடுகிறவர்களை ஊர் பேர் தெரியாத ஆபீசில் உட்கார்ந்து யாரோ பார்ப்பதா? வாயைத் திறந்து, கையை நக்கி, சோற்றைப் பிசைந்து. எங்கள் ஆட்களில் யாருக்கும் அது பிடிக்காது. ஒருவர் சாப்பிடும்போது அடுத்தவர் கண் இலையில் விழக்கூடாது. அந்த மரியாதைக்காக வெட்டினேன்.

குமாரும் பார்த்தான். "சூப்பர்ம்மா" என்றான். அனுப்பினோம்.

6

யோகாவைக் கொழும்புக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். அன்றைக்குப் பின்னேரமே வட்டவளைக் கடைவீதியில் ஒரு போன் கடையில் இருந்து பேசினாள்.

"அத்த, எனக்கு என்னமோ சரியா படல."

"என்ன கேட்டாங்க? ஒன்னொன்னா சொல்லு."

"கல்யாணத்துக்கு எத்தன பேரக் கூப்பிட்டீங்கன்னு கேட்டாங்க. அறுபதுன்னேன்."

"குமாரு நூத்தி எம்பதுன்னு எழுதியிருக்கானே."

"ஐயோ, அது அவரு எல கணக்கு சொல்லியிருப்பாரு. பெரிய மாமா எல எண்ணித்தான வாங்குனாரு. நான் வெத்தல கணக்கு சொன்னேன். அறுபது வீட்டுக்குத்தான் வெத்தல வச்சாங்க."

"வீடுன்னு சொன்னியா?"

"வேற எப்படி அத்த கூப்பிடுவாங்க? ஆளாளுக்கா வெத்தல வைப்பாங்க?"

அவள் கேட்டதும் சரி. எங்கள் தோட்டத்தில் கல்யாணத்துக்கு ஆளைக் கூப்பிடுவதில்லை. வீட்டைக் கூப்பிடுவோம். ஒரு வீட்டுக்கு ஒரு வெற்றிலை. அந்த வீட்டில் இருப்பவர்கள் வருவார்கள்.

"வேற என்ன கேட்டாங்க?"

"டிவிடிய நிப்பாட்டி, இது யாரு இது யாருன்னு கேட்டாங்க. பெரிய மாமாவயும் பெரிய அத்தயயும் காட்டி, மாப்பிள்ளையோட அம்மா அப்பாவான்னாங்க. இல்ல, அம்மாவோட அண்ணன்னு சொன்னேன். அப்ப அம்மா எங்கன்னாங்க. படம் முழுக்க ஓடவிட்டுப் பாத்தாங்க. நீங்க இல்ல அத்த."

"நான்தான எடுத்தேன்."

"சொன்னேன். கனடாவுல இருந்து மகன் கல்யாணத்துக்கு வந்தவங்க ஏன் பக்கத்துல நிக்கலன்னு கேட்டாங்க. மாமா இல்ல, அதனால முன்னால நிக்க மாட்டாங்கன்னேன். மொழிபெயர்க்கிற அம்மா கொஞ்ச நேரம் என்னயவே பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க. ஆபீஸ்காரரு எழுதிக்கிட்டாரு. அத்த, எங்க அம்மா லயத்துல எல்லாருக்கும் சொல்லிருச்சு, தையோட போயிருவான்னு. இங்க கொழுந்துக்குப் பேர் பதியவும் விடல, போறவ எதுக்குன்னு. நான் இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல."

"காசு ஓடுது. வை. நான் பாக்கிறேன்" என்றேன்.

பார்க்கிறேன் என்று சொன்னேன். என்ன பார்ப்பது என்று தெரியாது.

கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. குமார் வாசித்துச் சொன்னான். வந்தவர்கள் தொகையில் பெண் சொன்னதும் மாப்பிள்ளை சொன்னதும் பொருந்தவில்லை. மாப்பிள்ளையின் தாயார் கல்யாணத்தில் இருந்ததற்குச் சான்று இல்லை. இந்தக் கல்யாணம் உண்மையாக நடந்ததா என்று சந்தேகம் வருகிறது. பதில் சொல்ல விரும்பினால் இந்தத் தேதிக்குள் சொல்லலாம். இல்லாவிட்டால் இருக்கிறதை வைத்து முடிவு செய்வோம்.

குமார் கடிதத்தை மேசையில் போட்டான். "பொய்க் கல்யாணமாம்மா."

எனக்கு ஆபீஸ்காரர் மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் உட்கார்ந்து அந்த ஐம்பது நிமிஷத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். எல்லாரும் அழகாக இருந்தார்கள். மூட்டம் இல்லை. சத்தம் இல்லை. யாரும் சாப்பிடவில்லை. தாலி கட்டிய உடனே எல்லாரும் போய்விட்டது போல இருந்தது. நானே நம்பமாட்டேன்.

7

டேப்பை முதலில் இருந்து ஓடவிட்டேன். சத்தத்தோடு.

பந்தி வந்தது. கல்யாண வீட்டுக்காரி பந்தியில் நடக்க வேண்டும். ஒவ்வொரு இலையிலும் நின்று கேட்க வேண்டும். அதற்குப் புருஷன் இருக்கிறானா இல்லையா என்ற கணக்கு இல்லை. மணவறையில் நிற்காதவள் பந்தியில் நடக்கலாம். நான் கேமராவைக் கீழே வைக்காமலே நடந்திருக்கிறேன். குரல் கேட்கிறது.

"மாமா, ரசம் வாங்குங்க. என்ன முழிக்கிறீங்க? இது படம் புடிக்கிற பொட்டி. கடிக்காது."

"கனடாவுல இருந்து வந்தும் பொட்டியும் கையுமாத்தான் திரியுற. நீ சாப்டியா?"

"மகனக் கட்டிக் குடுத்தவ பசியோட இருப்பாளா? நீங்க சாப்பிடுங்க."

"கட்டிக் குடுத்தது அவங்க. நீ கட்டிக்கிட்டு வந்த."

எல்லாரும் சிரிக்கிறார்கள். அடுத்த இலை.

"பேச்சி, எலைய மூடாத. பாயாசம் வருது."

"ஏண்டி, திங்கிறதப் போய்ப் புடிக்கிறியே. கண்ணு படப்போகுது."

"பட்டா எனக்குப் படட்டும். நீ தின்னு."

ஐந்து பந்தி. ஒவ்வொரு இலையிலும் ஒரு முகம். ஒவ்வொரு முகமும் நிமிர்ந்து என்னைப் பார்த்து என்னோடு பேசுகிறது. குமாரின் அம்மா, மருமகளே, அக்கா, சின்னம்மா, என்று முறை சொல்லிக் கூப்பிடுகிறது. நான் எங்கே என்று கேட்டால் வேறு எங்கே காட்டுவது?

நித்யா தண்ணீர் குடிக்க வந்தவள் நின்றாள். மூன்றாவது பந்தி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெண் பிள்ளை செம்போடு வருகிறாள். பாவாடையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள். நாலு பிள்ளைகளோடு சேர்ந்து, யாருக்கோ தண்ணீரை மடியில் ஊற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"அது யாரு?"

"நீதான்."

"நோ."

"காதுல வயர் தொங்குது பாரு."

அவள் உட்கார்ந்தாள். "இவங்க பேர் என்ன, இந்தப் பக்கம் இருக்கிறவ?"

"உனக்குத்தான் தெரியணும். உன் தோளுல கை போட்டிருக்கா."

யோசித்தாள். "சுதா" என்றாள். அந்தப் பந்தி முடியும் வரைக்கும் இருந்தாள். பிறகு போனாள்.

இரண்டாவது டிவிடியில் ஒன்றும் வெட்டவில்லை. மூட்டம், இருமல், என் குரல், எல்லாம் இருந்தது. மூன்று மணி நேரத்தை ஒரே தட்டில் போட்டால் படம் கஞ்சி போல ஆகிவிடுகிறது. முகம் பிரியவில்லை. அதனால் இரண்டு தட்டு. மெனுவில் நாதஸ்வரம் வைக்கவில்லை. கட்டத்துக்குக் கட்டம் பேர் மட்டும். வெற்றிலை. தாலி. பதிவு. முதல் பந்தி, இரண்டாம் பந்தி, அப்படியே ஐந்து. குமார் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தான். புள்ளிக் கோட்டுக்கு உள்ளே எழுதினேன்.

பிறகு ஆட்களை எண்ணினேன். டிவியில் எண்ணவில்லை. ஓரத்தைத் தின்னும். கம்ப்யூட்டரில் படத்தை நிறுத்தி நிறுத்தி எண்ணினேன். ஒரு கிண்ணத்தில் கடலை. ஒரு தலைக்கு ஒரு கடலை அடுத்த கிண்ணத்துக்குப் போகும். பந்தியில் ஒருவர் இரண்டு தரம் உட்காரமாட்டார். பரிமாறினவர்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை பெண்ணும் அதில்தான். அதனால் யாரும் விடுபடவில்லை. யாரும் இரண்டு தரம் வரவில்லை.

இலை நூற்றெண்பது. அண்ணன் சொன்னது சரி. ஆனால் தலை அதைவிடக் கூட. சின்னப் பிள்ளைகளுக்குத் தனி இலை போடுவதில்லை. அம்மா இலையில் ஊட்டுவார்கள். வெற்றிலைக் கணக்கிலும் அதுகள் இல்லை, இலைக் கணக்கிலும் இல்லை. தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போதும் அப்படித்தான். வேலைக்கு வந்தவர்கள் மட்டும்தான் பேர். பிள்ளைமடுவத்தில் தொட்டிலில் கிடப்பது யார் கணக்கிலும் வராது. முதல் முறையாக நான் எல்லாத் தலையையும் எண்ணினேன். ஒரு தாயின் இலையில் மூன்று தலை இருந்தது.

எண்ணி முடித்துக் கடலையை ஊறப்போட்டேன்.

கடிதம் குமார் எழுதினான். நான் சொன்னேன்.

"அறுபது வெத்தல. அதுக்கு அறுபது வீடு. வீட்டுக்கு ஒரு வெத்தல வைக்கிறது எங்க வழக்கம்னு போடு."

"ஹவுஸ்னு போடவா? லயத்துல அது ஒரு காம்பராதானம்மா."

"அதுவும் வீடுதான். போடு."

"இலை?"

"நூத்தி எம்பது எல. எல எண்ணுனது மாமா."

"தலை?"

"படத்துல தெரியிறது எரநூத்திப் பதினொன்னு. எண்ணுனது அம்மா."

"நீங்கம்மா? நீங்க தெரியலையே."

"கேக்குது. இன்னும் ஒன்னு சேத்து, எரநூத்திப் பன்னெண்டுன்னு போடு. எந்தப் பந்தியில வேணும்னாலும் சத்தத்தக் கூட்டி வச்சுக் கேக்கச் சொல்லு."

குமார் எழுதிவிட்டு என்னைப் பார்த்தான். "நீங்க எந்த இலையிலம்மா சாப்பிட்டீங்க?"

"நின்னுக்கிட்டு. தட்டுல."

அதை எழுதவில்லை.

8

யோகாவை இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். இந்த முறை போனில் அவள் குரல் வேறாக இருந்தது.

"அத்த, பந்தியத்தான் போட்டாங்க. சத்தமா. ஆபீஸ் முழுக்க உங்க குரலு. கடிக்காதுன்னு சொன்னீங்கல்ல, மொழிபெயர்க்கிற அம்மா அத எடுத்துச் சொன்னாங்க. அவரு சிரிச்சாரு. இந்தக் குரலு யாருன்னு கேட்டாரு. எங்க அத்தன்னேன். இந்த ஆளு யாரு, இந்த ஆளு யாருன்னு எல எலயா காட்டுனாரு. எல்லாத்துக்கும் சொன்னேன். பேரு, மொற, எந்த லயம், யாருக்கு யாரோட சண்ட, எல்லாம்."

"சண்டையுமா?"

"கேட்டாரு அத்த."

"அப்புறம்?"

"போதும்னாரு."

விசா வந்தது. 2006 மாசி மாசம் யோகா வந்து இறங்கினாள். விமானத்தில் இருந்து வந்தவள் கையில் கருவேப்பிலைக் கன்று இருந்தது. ஏர்போர்ட்டில் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். புரியாத கேள்விக்கெல்லாம் எஸ் சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னதற்கு மாறாக, எஸ் சொல் என்று நான்தான் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

போன வாரம் கல்யாண நாள். யோகா வந்த பிறகு முதலாவது. குமார் வேலையில் இருந்து நேரத்தோடு வந்தான். டிவிடியைப் போட்டோம். யோகா தாலியைப் பார்க்கவில்லை. நேரே பந்திக்குப் போனாள். அவளுக்கு ஒவ்வொரு முகத்தையும் பார்க்க வேண்டும். நித்யாவும் வந்து சோபாக் கையில் உட்கார்ந்தாள். மூன்றாம் பந்தி எப்போது வரும் என்று கேட்டாள். நான் கடலை தாளித்துக்கொண்டிருந்தேன்.

"அத்த, எத்தனன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"உங்கூட, எங்கூட, எல்லாரும் சேந்து எரநூத்திப் பன்னெண்டு."

"ஒன்னு கொறையுது."

"கொறையாது. நிப்பாட்டி நிப்பாட்டி எண்ணுனேன்."

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க. ரெண்டாம் பந்தி. சரசக்கா முந்தானையப் பாருங்க."

குமார் நிறுத்தினான். நான் கரண்டியோடு வந்து பார்த்தேன். சரசு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். சேலை முந்தானையை முன்னால் இழுத்துப் போர்த்தியிருக்கிறாள். குளிருக்கு என்று நினைத்திருந்தேன்.

"அதுக்குக் கீழ பாருங்க அத்த. கால்."

யோகா எழுந்து போய் டிவியைத் தொட்டுக் காட்டினாள். முந்தானைக்குக் கீழே ஒரு சின்னப் பாதம். நகத்தளவு விரல்கள். பால் குடித்துக்கொண்டே ஆட்டுகிறது.

"அது பொறந்து அன்னைக்கு இருபது நாளு. பேரு வைக்கல. இப்ப ஓடுது."

நித்யா கிட்டப் போய் உட்கார்ந்து பார்த்தாள். குமார் என்னைப் பார்த்தான்.

கடுகு கருகுகிற வாசம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். தட்டு இரண்டும் இருக்கும் உறையை எடுத்தேன். அதன் மேல் நான் எழுதியிருந்த இருநூற்றுப் பன்னிரண்டை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்.

இருநூற்றுப் பதிமூன்று.